நாலறையும் ஒரு நாடகமும்

வீட்டிலே பலாப்பழம் ஒன்று பழுத்துவிட்டால் அதனைத் தனியே உண்பது எம்மவர் வழக்கமன்று. வெட்டியவுடன் அயல் வீடுகளுக்கு ஒவ்வொரு துண்டு போகும். எஞ்சியதை வீட்டார் சுற்றியிருந்து உண்பர். பகிர்ந்தால் பண்டம் குறையும், உறவு வளரும். இஃது எல்லாரும் அறிந்த கணக்கு. இக்கணக்குக்கு அடங்காத பொருள் ஒன்று இன்று எம் இல்லங்களிற் புகுந்திருக்கின்றது. பதிவு செய்த தொலைக்காட்சி நிகழ்ச்சியே அது. அதனை எத்தனை அறைகளுக்குப் பகிர்ந்தாலும் அது இம்மியளவும் குறைவதில்லை. குறைவது வேறொன்று. அது யாது என்பதை இங்குச் சிறிது நோக்குவோம்.

நாற்பதைக் கடந்த யாழ்ப்பாணத்தவர் எவரும் 'டெக்' என்னும் சொல்லை மறந்திருக்க மாட்டார். ரூபவாகினி தன் ஒளிபரப்பைத் தொடங்கியது 1982 பெப்ரவரி 15 ஆம் நாள். அதன் பின்னரும் தொலைக்காட்சிப் பெட்டி பல வீடுகளுக்கு எட்டாத பொருளாகவே இருந்தது. ஆகவே பெட்டியையும் டெக்கையும், தேவையானால் ஜெனரேற்றரையும் வாடகைக்கு எடுத்து, முற்றத்திலே பாய் விரித்து, விடியும்வரை மூன்று நான்கு படங்களை ஊரே கூடியிருந்து பார்த்தது. 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. அந்த ஆண்டுகளிலே துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைக் கையாற் சுற்றி, டைனமோவில் வரும் மின்னைக்கொண்டு வானொலி கேட்டோம். ஒருவர் கை ஓய்ந்தால் மற்றொருவர் சுற்றவேண்டும். ஓசை எல்லாருக்கும் பொது. உழைப்பும் எல்லாருக்கும் பொது.

நிற்க. பதிவு செய்யும் கருவியின் வரலாறு சுவையானது. யப்பானிலே சோனி நிறுவனம் 1975 இல் பீட்டாமக்ஸ் என்னும் கருவியை வெளியிட்டது; மறு ஆண்டு ஜே.வி.சி. நிறுவனத்தின் வீ.எச்.எஸ். வந்தது. நிகழ்ச்சி ஒளிபரப்பாகும் வேளையிலேதான் அதனைப் பார்க்கவேண்டும் என்னும் கட்டு அத்துடன் அவிழ்ந்தது. இது தம் உரிமைக்குக் கேடு என்று யூனிவர்சல், டிஸ்னி ஆகிய நிறுவனங்கள் சோனிமீது வழக்குத் தொடுத்தன. 1984 சனவரியிலே அமெரிக்க மீயுயர் நீதிமன்றம், நால்வர் மாறுபட ஐவர் உடன்பட்டு, பின்னர் பார்ப்பதற்காக வீட்டிலே பதிந்துவைப்பது நேரிய பயன்பாடே எனத் தீர்ப்பளித்தது. சிறுவர் நிகழ்ச்சிகளால் அந்நாட்டிற் புகழ்பெற்ற பிரெட் றொஜர்ஸ் என்பாரின் சாட்சியமும் அத்தீர்ப்பில் எடுத்தாளப்பட்டது. சிறுவர்க்கான நிகழ்ச்சிகளைப் பதிந்துவைத்துத் தக்க வேளையிற் காட்டுவது குடும்பங்களுக்கு உண்மையான உதவி என்பது அவர் கருத்து. ஒரு வீட்டார் தம் வேளைக்கு ஏற்ப நிகழ்ச்சியை அமைத்துக்கொள்ளலாம் என்பதே அன்று இக்கருவிக்கு ஆதரவாய் நின்ற நியாயம். இதனைக் காலமாற்று எனலாம்.

அடுத்து வந்தது இடமாற்று. (ஆசிரியராகிய எமக்கு இச்சொல் சற்று அச்சந் தருவது!) 1999 இல் நாடாவைக் கைவிட்டு வன்தட்டிலே பதியும் ரிவோ, ரீப்பிளே ரிவி என்னும் பெட்டிகள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. 2001 இல் வந்த ரீப்பிளே ரிவியின் புதிய வரிசை, ஓர் அறையிற் பதிந்ததை மற்றோர் அறையிற் காணவும், இணையம் வழியே வேறு வீட்டுக்கு அனுப்பவும் வழிசெய்தது. அவ்வாண்டே படநிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. பெட்டியைச் செய்த நிறுவனம் 2003 இல் முறிந்தது. அதே ஆண்டில் ரிவோவும் ஒரு பெட்டியில் உள்ளதை அதே வீட்டின் மற்றொரு பெட்டியிற் காணும் வசதியை அளித்தது. வீட்டை விட்டு வெளியே அனுப்புவதே பெரும் பூசலாயிற்று. வீட்டுக்குள் அறைக்கு அறை பகிர்வது எங்கும் பரவியது.

இன்று எம் இல்லத்திலும் அவ்வசதி உண்டு. கூடத்துப் பெட்டி பதிந்துவைப்பதை வீட்டு வலையமைப்பின் வழியே மற்றை அறைகளின் திரைகள் எடுத்துக் காட்டுகின்றன. இதனை அமைக்க விரும்புவோர்க்கு இரண்டு குறிப்புக்கள் பயன்படும். பல பெட்டிகள் தாம் பதிந்ததைத் தம்மையன்றி வேறெதுவும் திறவாதபடி பூட்டிவைப்பன; வாங்குமுன் அதனைக் கேட்டறிதல் வேண்டும். மற்றது, எம் பழைய கல்வீடுகளின் தடித்த சுவர்கள் கம்பியில்லா அலையை மெலியச் செய்வன. அறைக்கு அறை வயர் இழுப்பதே உறுதியான வழி.

எம் வீட்டில் இத்தேவை எழுந்தது மாமியாரின் பொருட்டு. இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு தங்கிய அவர்க்குக் கூடத்துக்கு வருதல் இயலாமற் போயிற்று. முதலில் கூடத்துப் பெட்டியிலிருந்து ஒரு வயரைப் பிரித்து அவர் அறைத் திரைக்குக் கொடுத்தோம். இரண்டு திரையிலும் ஒரே படம். ரிமோட் மட்டும் கூடத்தில். "தம்பி, கொஞ்சம் பின்னுக்கு விடுங்கோ, அவள் என்ன சொன்னவள் எண்டு விளங்கேல்லை" என்று அறையிலிருந்து குரல் வரும். நாம் பின்னுக்கு விடுவோம். கூடத்தில் இருந்தோரும் அக்காட்சியை மறுபடி பார்ப்பர். "அவள் பொய்யெல்லோ சொல்லுறாள், அம்மம்மா" என்று இளையவள் இங்கிருந்தே விளக்கம் கொடுப்பாள்.

வலையமைப்பு வந்தபின் அக்கூப்பாடு ஓய்ந்தது. ஒவ்வொருவரும் தத்தம் வேளையிலே பார்க்கலாயினர். இதனாற் பெற்ற நன்மையை மறைத்தல் நேர்மையன்று. உயர்தர வகுப்பிற் படிக்கும் மூத்தவன் ரியூசன் முடிந்து வந்து தனக்கு வேண்டியதைப் பார்த்தான். எம் மனைவியாரோ பல்லாண்டுகளாக அந்த நாடகத்தைக் குசினியிலிருந்து காதாலேயே பார்த்துவந்தவர். நாயகியின் குரல் தெரியும். அவள் கட்டிய சேலை தெரியாது. வேலை முடித்து, இரவு ஒன்பது மணிக்குப் பின் ஒரு நாடகத்தை முதலிலிருந்து முடிவுவரை கண்ணாற் பார்க்கும் பேறு அவர்க்கு இப்போதுதான் கிட்டிற்று. முன்னைய நாளில் எல்லாரும் ஒருங்கிருந்து பார்த்தோம் என்று நாம் பெருமை பேசும்போது, அந்த 'எல்லாரும்' என்பதிற் குசினியில் நின்றவர் சேர்ந்தாரா என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பெட்டி ஒரு நிகழ்ச்சியை எவ்விடத்தில் நிறுத்தினோம் என்று குறித்துவைக்கும். எம் வீட்டிற் குறிப்பு ஒன்று; பார்ப்போர் ஐவர். சனிக்கிழமை இளையவள் இரண்டு பகுதிகளைப் பார்த்துவிட்டால், திங்களன்று மாமியார் திறக்கும்போது கதை முன்னே ஓடியிருக்கும். "நான் பாக்காததை இந்தப் பெட்டி பாத்ததெண்டு சொல்லுது" என்று அவர் முறையிட்டார். மூத்தவன் சில நிமிடத்தில் ஐவருக்கும் ஐந்து பெயர்களை அமைத்தான். ஒவ்வொரு பெயருக்கும் தனிக் குறிப்பு. ஒருவர் கதை மற்றவர் கதையிற் கலவாது. பிணக்குத் தீர்ந்தது என்றே எல்லாரும் நினைத்தோம்.

சில வாரங்களின் பின், மாமியாரின் குறிப்பு ஆறு பகுதிகள் பின்தங்கி நிற்பதை மூத்தவன் கண்டான். கண்ணிலே கோளாறோ, ரிமோட்டின் பொத்தான் விளங்கவில்லையோ என்று ஐயுற்றுப் போய்க் கேட்டோம். இரண்டும் இல்லை. "நீங்கள் எல்லாரும் பாத்து முடிச்சிட்டியள், தம்பி. நான் பாத்துப்போட்டு ஆரோட கதைக்கிறது?" என்றார்.

அவர் குறைபட்டுச் சொன்னாரல்லர். கேட்டதற்கு விடை சொன்னார், அவ்வளவே. அவர்க்கு நாடகம் என்பது திரையில் ஓடும் அரைமணி நேரம் மட்டுமன்று. அதன்பின் நிகழும் உரையாடலும் அதனுள் அடங்கும். வயர் அரைமணி நேரத்தை அவர் அறைக்குக் கொண்டுபோயிற்று. உரையாடலை எவ்வயரும் கொண்டுபோகாது. ஒருவர் மூன்றாம் பகுதியிலும் மற்றொருவர் ஒன்பதாம் பகுதியிலும் நிற்கும் வீட்டிலே, முன்னே சென்றவர் வாயைத் திறந்தால் பின்னே வருபவரின் சுவை கெடும்; ஆதலால் எல்லாரும் வாய்மூடியிருப்பர். ஒரே கதையைப் பார்க்கும் ஐவர் அக்கதையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாத நிலை இவ்வாறே உண்டாகின்றது.

எனினும் கருவியைக் கழற்றி எறிதல் தீர்வாகாது. எறிந்தால் முதலில் இழப்பவர் குசினியில் நிற்பவரே. எம் வீட்டில் இதற்கு வழி கண்டவள் இளையவள். அந்த ஒரு நாடகத்தை மட்டும் இனித் தனியே பார்ப்பதில்லை என்றாள். தான் முன்னரே பார்த்த ஆறு பகுதிகளையும் அம்மம்மாவோடு மறுபடி பார்த்தாள். "முடிவைச் சொல்லமாட்டன்" என்று சொன்ன சொல்லையும் ஏறக்குறையக் காப்பாற்றினாள். இப்போது இரவு எட்டு மணிக்கு அது மாமியாரின் அறையில் ஓடும். எட்டு மணிக்கு எம் மனைவியாரும் அங்கே இருக்கவேண்டுமாயின் அதற்கு முன் குசினி வேலை முடியவேண்டும். எனவே தேங்காய் துருவுதல் மூத்தவன் பங்கு. இடியப்பம் பிழிதல் எம் பங்கு. கோப்பை கழுவுதல் இளையவள் பங்கு. மற்றை நிகழ்ச்சிகளை அவரவர் விரும்பிய அறையில், விரும்பிய வேளையிற் பார்க்கத் தடையில்லை.

இளம் மாணவர்க்கு ஒன்று சொல்வோம். உங்கள் வீட்டில் இக்கருவியை அமைத்துக் கொடுப்போர் பெரும்பாலும் நீங்களே. வயரைப் பொருத்தி, பெயர்களை இட்டு, பொத்தான்களை விளக்கியபின் உங்கள் பணி முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். சில வாரம் கழித்து ஒவ்வொருவருடைய குறிப்பும் எங்கே நிற்கின்றது என்று ஒருமுறை பாருங்கள். எவருடையதேனும் நெடுநாள் நகராமல் நின்றால், அந்த அறைக்குப் போய் அருகே இருந்து கேளுங்கள்.

எம் வீட்டுப் பெட்டியில் ஐந்து பெயர்களும் இன்றும் இருக்கின்றன. எட்டு மணி நாடகத்தை மட்டும் மாமியாரின் பெயரிலேயே திறக்கின்றோம்.