தளை தட்டும் திரை

எண்ணிக்கையில் நிறைவுற்றிருந்தும் ஓட்டத்தில் குறைவுபடுவன உலகில் பல. வெண்பா ஒன்றில் சீர்கள் எண்ணிக்கையில் சற்றும் குறையாதிருப்பினும், ஓரிடத்தில் தளை பிறழ்ந்துவிடின் ஓசை இடறுகின்றது. அதனைத் 'தளை தட்டுகிறது' என்கிறோம். சீர்களை மட்டும் எண்ணுபவருக்கு அப்பிழை புலப்படாது. ஒரு சீருக்கும் அடுத்த சீருக்கும் உள்ள இயைபினை நோக்குபவருக்கே புலப்படும். இவ்வுண்மை யாப்பிற்கு மட்டும் உரியதன்று. இன்றைய இளைஞர்கள் விளையாடும் கணினித் திரைக்கும் உரியதே என்பதனை யாம் கண்கூடாக அறிய நேர்ந்தது.

தமிழ்த்துறை மலரில் கணினி விளையாட்டிற்கு என்ன வேலை எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். விளையாட்டின் நன்மை தீமையினை ஆராய்வது ஈண்டு எம் நோக்கமன்று. குறையொன்று நேர்ந்தவிடத்து அதன் காரணத்தை நாடும் முறையே யாம் சொல்ல விழைவது.

திரையில் நாம் காணும் அசைவு, அசையாத படங்களின் அணிவகுப்பே ஆகும். திரைப்படத்தில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அவை முன்னரே எடுத்து முடிக்கப்பெற்றவை. ஒவ்வொன்றும் ஒரே கால அளவு திரையில் நிற்பவை. கணினி விளையாட்டில் நிலைமை வேறு. ஆடுபவரின் கையசைவிற்கேற்ப ஒவ்வொரு படத்தையும் கணினி அந்தந்தக் கணத்தில் வரைந்தளிக்க வேண்டும். நொடிக்கு 60 படங்கள் எனில் ஒரு படத்திற்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லி நொடியே. 59 படங்கள் 15 மில்லி நொடிக்கு ஒன்றாக விரைந்து வந்து, எஞ்சிய ஒரு படம் மட்டும் 115 மில்லி நொடி தாமதித்தால், அந்நொடியின் எண்ணிக்கை 60 என்றே காட்டும். ஆயினும் அந்த ஒரு தாமதம் கண்ணை உறுத்தும். இதனையே மாணவர்கள் 'ஸ்டட்டர் ஆகிறது' என்கின்றனர்.

நெடுங்காலம் நொடிக்கு இத்தனை படங்கள் என்னும் சராசரியே கணினியின் திறனுக்கு அளவுகோலாயிருந்தது. 2011-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் 'தி டெக் ரிப்போர்ட்' இதழில் ஸ்காட் வாசன் என்பார், ஒரு நொடிக்குள் நுழைந்து ஒவ்வொரு படத்திற்கும் ஆன நேரத்தைத் தனித்தனியே அளந்து காட்டினார். அதன் பின்னரே இம்முறை பரவலாயிற்று. நூறு படங்களுள் மிகத் தாமதமான ஒன்றினைக் கணக்கிற்கொண்டு கூறும் '1 விழுக்காட்டுத் தாழ்வெண்' இன்று சராசரியோடு சேர்த்தே கூறப்படுகின்றது.

இவற்றையெல்லாம் யாம் கற்கத் தூண்டியவன் எம் ராத்தாவின் மகன். பொறியியல் இரண்டாம் ஆண்டு பயில்பவன். அவனுடைய கணினியில் விளையாட்டு அடிக்கடி இடறியது. கடையொன்றில் காட்டியபோது, கிராஃபிக்ஸ் கார்டு போதவில்லை, புதியது வாங்குங்கள் என்றனராம். விலையோ 30,000 ரூபாய்க்கு மேல். ராத்தா எம்மிடம் வந்து, "தம்பி, சபுரில் இருக்கும் அவன் வாப்பாவிடம் இதற்கும் பணம் கேட்க மனம் வரவில்லை. என் வளையல் ஒன்றை விற்றுவிடட்டுமா?" என்றார்.

மருமகனை அழைத்து, "கடைக்காரர் எதனை அளந்து இம்முடிவிற்கு வந்தார்?" என வினவினோம். "அளக்கவில்லை மாமா, பெட்டியைப் பார்த்துவிட்டே சொன்னார்" என்றான். நாடி பாராது எழுதிய மருந்திற்காக ஒரு தாயின் வளையல் விலைபோக வேண்டுமா என்னும் எண்ணம் எம்மை வாட்டியது. ஒரு வாரம் பொறுக்குமாறு ராத்தாவிடம் கூறினோம்.

மருமகனும் யாமும் மூன்று விதிகளை வகுத்துக்கொண்டோம். ஒரு நேரத்தில் ஒன்றினை மட்டுமே மாற்றுவது. மாற்றிய பின் அதே விளையாட்டின் அதே பகுதியில் அளப்பது. அளந்ததைக் குறிப்பேட்டில் எழுதுவது. இரண்டினை ஒருசேர மாற்றின், பயன் எதனால் விளைந்தது என அறிய இயலாது போகும்.

இன்டெல் நிறுவனம் இலவசமாக வழங்கும் 'பிரசென்ட்மான்' என்னும் மென்பொருளால் முதலில் அளந்தான். சராசரி 72, தாழ்வெண் 26. இடறும் வேளையில் கிராஃபிக்ஸ் கார்டின் உழைப்பு 60 விழுக்காட்டினைத் தாண்டவில்லை. இதுவே முதல் தடயம். கார்டு திறன் போதாதிருப்பின் அது நூறு விழுக்காட்டினை ஒட்டி உழைத்துக்கொண்டிருக்க வேண்டும். இதுவோ வேலை வந்து சேராமையால் காத்திருந்தது. ஆகவே குறை வேறிடத்தில் என்பது தெளிவாயிற்று.

அடுத்து வெப்பத்தை நோக்கினோம். அரைமணி நேரம் ஆடியபின் பிராசஸரின் வெப்பம் 97 டிகிரி செல்சியசை எட்டியது. பிராசஸர்கள் பலவற்றிற்கு 95 முதல் 100 டிகிரி வரையே எல்லை. எல்லையை நெருங்கின் அவை தம்மைக் காத்துக்கொள்ளத் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். பெட்டியைத் திறந்தபோது விசிறியிலும் அதனடியில் உள்ள தகடுகளிலும் தூசி அடைத்துக் கிடந்தது; வெப்பத்தைக் கடத்தும் பசையும் உலர்ந்திருந்தது. தூசியை அகற்றி, 250 ரூபாய்க்குப் புதுப்பசை வாங்கி இட்டான். வெப்பம் 80-க்குக் கீழிறங்கியது. நேரம் செல்லச் செல்ல வேகம் தளர்வது நின்றது. எனினும் இடறல் நிற்கவில்லை. வேகம் தளர்தலும் ஓட்டம் இடறலும் வெவ்வேறு நோய்கள் என்பதனை அப்போது உணர்ந்தோம்.

பின்னர் 'ராம்' எனப்படும் நினைவகத்தை ஆராய்ந்தோம். முன்னிருந்த 8 ஜிபியோடு மற்றொரு 8 ஜிபியினை அவனே வாங்கிப் பொருத்தியிருந்தான். அதனை அடுத்திருந்த குழியிலேயே செருகியிருந்தான். நான்கு குழிகள் உள்ள மதர்போர்டுகளில் பெரும்பாலும் அடுத்தடுத்த இரு குழிகள் ஒரே வழித்தடத்தைச் சார்ந்தவை. இரண்டும் ஒரே தடத்தில் அமர்ந்தால் ஒரு நேரத்தில் 64 பிட் தரவே செல்லும். இரு தடங்களில் அமர்ந்தால் 128 பிட் செல்லும். கையேட்டின்படி இரண்டாம் குழியிலும் நான்காம் குழியிலும் மாற்றிச் செருகினான். செலவு ஏதுமில்லை. மீண்டும் அளந்தபோது சராசரி 79 எனச் சற்றே உயர்ந்திருந்தது. தாழ்வெண்ணோ 52 ஆயிற்று! சராசரியை மட்டும் நோக்கியிருப்பின் இம்மாற்றத்தின் அருமை எமக்குத் தெரிந்திராது.

எஞ்சியது ஒரு சிறு இடறல். புதிய இடத்தினுள் முதன்முறை நுழையும்போது மட்டும் நேர்ந்தது, மறுமுறை நேரவில்லை. ஒளியையும் நிழலையும் வரைவதற்கான 'ஷேடர்' என்னும் சிறு நிரல்களைக் கணினி அப்போதுதான் ஆயத்தம் செய்துகொள்வதால் விளைவது அது. விளையாட்டினை அமைத்தவர்கள் களைய வேண்டியது. புதுக்கார்டு வாங்கினாலும் முற்றும் நீங்குவதன்று.

ஒவ்வொரு கணினிக்கும் காரணம் ஒன்றாகவே இராது. திரையின் கம்பியைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருப்பார் உளர். 144 ஹெர்ட்ஸ் திரையை வாங்கி, அமைப்பில் 60 என்றே விட்டிருப்பார் உளர். விளையாட்டினைப் பழைய ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருத்தல், கார்டின் நினைவகம் கொள்ளாத அளவிற்குப் படத்தரத்தை உயர்த்துதல், பின்னணியில் பதிவிறக்கம் நிகழ்தல் ஆகியனவும் காரணமாகலாம். சில கணினிகளில் கார்டே உண்மையில் போதாதிருக்கவும் கூடும். அளந்தறிந்த பின் வாங்குவது செலவு. அளவாது வாங்குவது விரயம்.

ராத்தாவின் வளையல் அவர் கையிலேயே இருக்கின்றது. அதனினும் பெரிதாக யாம் கருதுவது, குறையொன்று நேர்ந்தால் கடைக்கு ஓடுவதற்கு முன் குறிப்பேட்டினைக் கையிலெடுக்கும் வழக்கம் எம் மருமகனுக்கு வாய்த்ததையே ஆகும். ஆய்வேட்டிற்கும் வேண்டப்படுவது இவ்வொழுக்கமே.

ஆசிரியப் பெருமக்களாகிய நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. வகுப்பின் சராசரி மதிப்பெண்ணை ஆண்டுதோறும் கணக்கிட்டு மகிழ்கிறோம். அச்சராசரிக்குள்ளே தாமதித்து நிற்கும் மாணவர் சிலர் மறைந்து விடுகின்றனர். கட்டணம் செலுத்த இயலாமை, இரவில் கடையில் வேலை, வீட்டில் நோயாளி எனக் காரணங்கள் வேறுவேறு. அவர்களும் திறன் குறைந்தவரல்லர், ஏதோவொன்றிற்காகக் காத்திருப்பவரே. 'இவன் போதாது' என்று பெட்டியைப் பார்த்தே தீர்ப்பளித்தல் தகாது. சராசரியோடு தாழ்வெண்ணையும் நோக்குவோம். காரணத்தை ஒவ்வொன்றாய் நாடுவோம். சில வேளைகளில் இடம் மாற்றி அமர்த்துவதே போதுமானதாயிருக்கும்.