உழுசாலிற் கிடைத்த படிகம்

சென்ற விடுமுறையில், காங்கேயத்தை அடுத்த எங்கள் புன்செய்க் காட்டின் உழுசாலில் ஆறு பட்டையுடைய தெளிந்த படிகம் ஒன்றைக் கண்டெடுத்தேன். அருகிலுள்ள படியூரில் 1819-ஆம் ஆண்டளவில் பெரில் என்னும் மணிக்கல் தோண்டப்பட்டதை முன்னரே படித்திருந்தேன். கல்லாற் கண்ணாடிச் சில்லைக் கீறினேன், கீறல் விழுந்தது. "ஐயமில்லை, பெரிலே" என்று தந்தையாரிடம் உரைத்தேன். என் கல்லூரிச் சம்பளத்தின் பொருட்டு எருதொன்றை விற்க எண்ணியிருந்த அவர், என் சொல்லை நம்பி, விலை பேச வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

கல்லூரி திறந்தபின் நிலவியல் பயிலும் நண்பரிடம் அதனைக் காட்டினேன். அவர் நகைத்திலர். "மோஸ் என்னும் அறிஞர் 1812-இல் வகுத்த கடினத்தன்மை வரிசையிற் பார்த்தால் கண்ணாடி ஏறத்தாழ 5.5, குவார்ட்ஸ் 7, பெரில் 7.5-க்குக் குறையாது. ஆகவே இரண்டு கல்லும் கண்ணாடியைக் கீறும். இரண்டிற்கும் பட்டை ஆறே. ஆயினும் பெரிலில் வரிகள் நெடுக ஓடும். முனை பெரும்பாலும் தட்டை. குவார்ட்ஸில் வரிகள் குறுக்கே ஓடும், முனை கூம்பியிருக்கும். இனி நீரே பாரும்" என்றார். குறுக்கு வரிகள், கூம்பிய முனை. முதல் நாளே என் கண்முன் இருந்தவை!

கடிதம் எழுத மனமின்றி, நேரிற் சென்று சொன்னேன். தந்தையார் சற்று வாளாவிருந்து, "போகட்டும் தம்பி, அடுத்த சந்தையிற் பார்ப்போம்" என்றார். எருது, முன்பு கேட்ட விலைக்கும் குறைவாகவே போயிற்று.

ஒரு சொல்லை மட்டும் பற்றிப் பாட்டிற்குப் பொருள் துணியலாகாது என்று எங்கள் ஆசிரியர் கூறுவர். கல்லிற்கும் அஃதே விதி. அப்படிகம் இன்றும் என் மேசைமேல் உள்ளது. நூலைத் திறக்குமுன் அதன் குறுக்கு வரிகளை ஒருமுறை விரலால் தடவிக்கொள்கின்றேன்.