மிதியடிக்குக் கீழே ஒரு கடற்கரை

ஆயுத பூஜைக்கு இன்னும் மூன்று நாள். இலாசுப்பேட்டைப் பக்கம் நான் வழக்கமாகப் போகும் வாட்டர் வாஷ் ஷெட்டில் காலை ஏழரைக்கே எனக்கு முன்னால் ஐந்து கார், இரண்டு டாடா ஏஸ். புதுச்சேரி வண்டிகளெல்லாம் ஒன்றாகக் குளிக்கக் கிளம்பிவிடும் வாரம் இது.

“உள்ள இருக்கிறதை எல்லாம் எடுத்துடுங்கம்மா. அப்புறம் அதைக் காணோம், இதைக் காணோம்னு வரக்கூடாது” என்றார் ஷெட் பெரியவர். மடித்துக் கட்டிய லுங்கி, காலில் ரப்பர் பூட்ஸ்.

எடுக்க ஆரம்பித்தேன். தண்ணீர் பாட்டில் மட்டும் நான்கு. ஒன்றில் பாசியே பிடித்திருந்தது. சின்னவனின் ஒற்றை சாக்ஸ். பெரியவள் தொலைத்துவிட்டதாக அழுது, போன மாதம் புதிதாக வாங்கிக் கொடுத்தோமே, அந்த ஜியாமெட்ரி பாக்ஸ். ஞாயிறு சந்தையில் பேரம் பேசி வாங்கி, பிரிக்காமலே கிடந்த டி-ஷர்ட். சீட்டுக்கும் ஹேண்ட்பிரேக்குக்கும் நடுவே பிரெஞ்சு ரொட்டியின் பொருக்கு. சூடாக வாங்கிய நீள ரொட்டியின் முனையைக் கடிக்காமல் வீடு வரை கொண்டுவரும் பிள்ளை எங்கள் வீட்டில் கிடையாது. டேஷ்போர்டு பிள்ளையாருக்குப் போட்ட மல்லிகை காய்ந்து, ஏ.சி. ஓட்டைக்குள் பாதி இறங்கியிருந்தது.

இதற்கெல்லாம் தீர்வென்று பத்து அறை வைத்த தொங்குபை ஒன்றை முன்பு வாங்கி மாட்டினேன். பத்து அறை என்றால் தொலைப்பதற்குப் பத்து இடம், அவ்வளவுதான். இப்போது ஒரே ஒரு மஞ்சப்பை. சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கும்போது அதுவும் எங்களோடு மாடி ஏற வேண்டும் என்பது சட்டம். சட்டம் வாரத்தில் மூன்று நாள் அமலில் இருக்கிறது.

பெரியவர் ரப்பர் மேட்டைத் தூக்கினார். பின்சீட்டுப் பக்கம் இரண்டு கை நிறைய அள்ளலாம், அவ்வளவு கடல் மணல். டிரைவர் பக்கம் ஆரோவில் செம்மண், அப்பளம் மாதிரி காய்ந்து ஒட்டியிருந்தது. நான் ஈரத்துணியை எடுத்தேன். கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். “செம்மண்ணுல ஈரத்துணி பட்டா சாயம் மாதிரி ஏறிடும். காஞ்சதை பிரஷ்ல உதுத்து, வேக்யூம் போட்டு, அப்புறம்தான் தண்ணி.”

பிறகு கட்டை விரலால் கார்ப்பெட்டை அழுத்தினார். நுரைத்துக்கொண்டு ஈரம் மேலே வந்தது. “நாத்தத்துக்கு சென்ட் பாட்டில் மாட்டியிருக்கீங்க. நாத்தம் இங்க இருக்கு.”

கடற்கரையிலிருந்து ஈரக் காலோடு ஏறும் பிள்ளைகள்மேல் பழியைப் போட்டேன். அவர் பதில் சொல்லாமல் பானெட்டைத் திறந்து, வைப்பருக்கு அடியில் இருந்த பள்ளத்தில் கையை விட்டார். ஒரு பிடி வேப்பஞ்சருகு, கறுத்து மக்கி வந்தது. கண்ணாடியில் விழும் மழைத்தண்ணீர் வடிய அங்கே ஓட்டை இருக்கிறது. சருகு அடைத்தால் தண்ணீர் வண்டிக்குள்தான் இறங்கும். வேப்பமர நிழலில் நிறுத்துவது வண்டிக்கு நல்லது என்று இத்தனை வருஷம் பெருமைப்பட்டிருக்கிறேன். ஈரக் காலுக்காகப் பிள்ளைகள் வாங்கிய திட்டை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஜாக்கியில் ஏற்றியதும் அடிப்பக்கம் தெரிந்தது. சைலன்சரை ஒட்டித் துரு செதில் செதிலாக. கடற்கரைச் சாலையில் மாலை ஆறுக்கு மேல் வண்டி விடமாட்டார்கள். ஒயிட் டவுன் தெருக்களில் நிறுத்திவிட்டு நடப்போம். உப்புக்காற்றுக்குத் தடுப்புக்கட்டை கிடையாது, ஈரத்தோடு உப்பும் சேர்ந்தால் துருவுக்குக் கொண்டாட்டம். நாம் பளபளப்பு பார்ப்பதெல்லாம் மேலே. பிரஷர் தண்ணீர் அடிக்க வேண்டியது கீழே. அதையும் வாய்விட்டுக் கேட்டால்தான் அடிப்பார்கள்.

“ஃபெஞ்சலுக்கு அப்புறம் எப்படி இருந்தது?” என்று கேட்டேன். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு அந்தப் புயல் கரை கடந்தபோது இங்கே ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகர்ப் பக்கமெல்லாம் கார்கள் நின்ற இடத்திலேயே மூழ்கின.

“வரிசை ரோடு வரைக்கும். தண்ணி வடிஞ்சதும் ஓடுதான்னு பார்க்க ஸ்டார்ட் பண்ணவங்களுக்கு இன்ஜினே போச்சு. சாவியைத் தொடாம இழுத்துட்டு வந்தவங்க தப்பிச்சாங்க. அப்பவும் சீட்டைக் கழட்டி, கார்ப்பெட்டை உரிச்சு வெயில்ல போட்டோம். மேட்டை மட்டும் காயவெச்சு ஓட்டினவங்க பாதிப் பேரு தையில திரும்ப வந்தாங்க, நாத்தம் தாங்கலைன்னு.”

என் கார்ப்பெட்டும் மதில்மேல் காய்ந்தது. நான்கு கதவும் திறந்தபடி வண்டி வெயிலில் நிற்க, நான் ஷெட் நிழலில் டீ குடித்தேன். பருவமழைக்குச் சில வாரம்தான் இருக்கிறது.

கிளம்பும்போது பெரியவர் ஜன்னலருகே குனிந்தார். “பூஜை அன்னிக்கு சந்தனம், குங்குமம் எல்லாம் கண்ணாடியில வைங்கம்மா. டேஷ்போர்டுல வேணாம். பிளாஸ்டிக்ல குங்குமம் ஏறினா என்னாலயும் எடுக்க முடியாது.”