ஜோசப்பைத் தேடினால் ஜோசப் கிடைக்க வேண்டும்

 

போஸ்ட் கொஞ்சம் நீளம். நம் பிள்ளைகளின் பெயர் சம்பந்தப்பட்ட விசயம், பொறுமையாக வாசியுங்கள்.

தன்னாமுனை, ஏறாவூர்ப் பக்கம் கோட்டமட்டப் போட்டிக்குப் பெயர்ப்பட்டியல் தயாரித்தால் பௌசியா, ஜோசப், ஸ்ரீதரன் என்று எல்லாப் பெயரும் ஒரே பட்டியலில் வரும். இந்த மூன்று பெயரும் கணினிக்கு ஒரு பரீட்சை.

‘ஜோ’வை எடுங்கள். ஓகாரக் குறியைக் கணினி ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரட்டைக் கொம்பும் அரவுமாக இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான். யூனிகோட் விதிப்படியும் இரண்டும் சமம். அந்த விதியைக் கவனிக்காத மென்பொருளில் தேடினால், ஜோசப் பட்டியலில் இருந்தும் ‘இல்லை’ என்று வரும். அது மென்பொருளின் பிழை.

ஸ்ரீ இன்னும் சிக்கல். 2005இல் யூனிகோடில் ‘ஶ’ சேர்க்கப்பட்டது. இப்போது ஸ்ரீயை ‘ஸ’ வைத்தும் எழுதலாம், ‘ஶ’ வைத்தும் எழுதலாம். திரையில் பெரும்பாலும் ஒரே வடிவம்தான்.

பௌசியா கதை வேறு. ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பு போட்டு ‘ள’ அடித்துவிடுகிறோம். அது தட்டச்சுப் பிழை, மென்பொருளைக் குறைசொல்ல முடியாது. எது நம் பிழை, எது மென்பொருளின் பிழை என்று பிரித்துப் பார்க்கத் தமிழ் தெரிந்த கண் வேண்டும். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

இதைச் சின்ன விசயம் என்று நினைக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவதற்கு ‘சஹானா’ என்ற திறந்த மூல மென்பொருளை இலங்கைத் தொண்டர்களே உருவாக்கினார்கள். அது 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் பயன்பட்டது. அப்படியொரு பட்டியலில் ஒரு தாய் தன் பிள்ளையின் பெயரைத் தேடி, இருந்தும் ‘இல்லை’ என்று வந்தால்? கரையோரத்தில் இருக்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இப்போது நாம் செய்யக்கூடியது. லிப்ரே ஒபிஸ் என்ற இலவச மென்பொருள் வருடத்துக்கு இரண்டு தடவை, பெப்ரவரியிலும் ஓகஸ்டிலும், புதிய பதிப்பாக வருகிறது. அதற்கு முன் அல்ஃபா, பீற்றா என்று சோதனைப் பதிப்புகளை எல்லோருக்கும் திறந்து விடுகிறார்கள். உலகம் முழுக்கத் தொண்டர்கள் அதைப் போட்டுப் பார்த்துப் பிழை சொல்கிறார்கள். தமிழில் யாரும் பார்க்காவிட்டால் தமிழ்ப் பிழை அப்படியே வெளியே வரும். பிறகு நாம்தான் புலம்புவோம்.

பார்ப்பது இலேசு. பெயர்களை எழுதுங்கள், தேடுங்கள், அகரவரிசைப்படுத்துங்கள், பீடிஎஃப் ஆக்கி அதிலிருந்து திரும்பப் பிரதியெடுங்கள். எழுத்து உடைந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

“வேலை செய்யுதில்ல” என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. எந்தப் பதிப்பு, எந்தக் கணினி, என்னென்ன வரிசையில் செய்தீர்கள், என்ன வர வேண்டும், என்ன வந்தது என்ற ஐந்தும் வேண்டும். கணக்கில் செய்கை வழி காட்டுவது போலத்தான். எளிய ஆங்கிலம் போதும்.

இரண்டு எச்சரிக்கை. பரீட்சைப் புள்ளிகள் இருக்கும் கணினியில் சோதனைப் பதிப்பைப் போடாதீர்கள். பிழை அறிக்கை எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருக்கும், ஆகவே மாதிரிக் கோப்பில் பிள்ளைகளின் உண்மையான முழுப்பெயரோ சுட்டெண்ணோ வேண்டாம்.

ஓ/எல் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல வேலை. ஆங்கிலமும் பழகும், தமிழ் எழுத்தையும் உற்றுப் பார்ப்பார்கள். பழைய லப்டொப் இருப்பவர்கள் கொமன்டில் சொல்லுங்கள். ஒரு சனிக்கிழமை அஸருக்குப் பிறகு கூடி, அடுத்த பீற்றாவை நம் ஊர்ப் பெயர்களோடு சோதிப்போம். எல்லா ஊர்ப் பிள்ளைகளும் வரலாம்.