மச்சான் பிடித்த கயிறு

முத்துக்குளித்துறையில் ஒரு பழைய வழக்கம் சொல்வார்கள்: கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றைத் தோணியில் பிடித்திருப்பவன் அவன் மச்சானாக இருக்க வேண்டும். தங்கச்சி தாலியாச்சே, விட்டுருவானா? அன்பை மட்டும் நம்பவில்லை பாருங்கள். உறவையே விதியாக்கி வைத்திருக்கிறார்கள்.

உளவுக் கதைகளில் நான் தேடுவதும் இந்தக் கயிற்றைத்தான். 1963இல் வந்த ஜான் லெ காரேயின் 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்' நாவலில் லீமஸை ஏமாற்றுவது எதிரியல்ல, அவனை அனுப்பிய சொந்த அலுவலகம்.

எங்கள் பக்கத்துக் கதை அதற்கும் மூத்தது. நீலகண்ட பிரம்மச்சாரியிடம் வாஞ்சிநாதனை 1910இல் கொண்டு சேர்த்தவர் வாஞ்சியின் மைத்துனர் சங்கரகிருஷ்ணன். இங்கேயும் மச்சான்தான்! குங்கும நீர் குடித்து ரகசியச் சத்தியம் செய்தார்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷைச் சுட்ட வாஞ்சி, தன்னையும் சுட்டுக்கொண்டார். பிடிபட்ட ஓட்டப்பிடாரம் ஆறுமுகம் பிள்ளை அப்ரூவரானார். நீலகண்டருக்கு ஏழாண்டு சிறை.

ஆறுமுகம் பிள்ளையைத் துரோகி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். எனக்கு முடியவில்லை. பிடிபட்டவனை மேலே இழுக்க அந்தச் சத்தியத்தில் ஏதாவது ஏற்பாடு இருந்ததா? முங்குகிறவனிடம் மட்டும் விசுவாசம் கேட்கிற கயிற்றுக்கு மறுமுனையே கிடையாது.