ஒன்பதாம் வகுப்பும் எங்கள் கிணறும்

கடலைக்கு ஜிப்சம் போட்டு மண் அணைத்து முடித்தாச்சு. இனிமேல் தண்ணி பாய்ச்சுவதும் மயில் விரட்டுவதும்தான் வேலை. அதனால்தான் கொஞ்சம் எழுத நேரம் கிடைச்சிருக்கு.

என் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர். அவன் மகள் இங்கே எங்களோடு இருந்து ஒன்பதாவது படிக்கிறாள். போன மாதம் வைத்த பரீட்சையில் அறிவியலில் 38 மார்க். தம்பி போனில், "அண்ணே, பத்தாவது முடிச்சதும் லேசான குரூப்பா பாத்துச் சேத்துவிட்ரலாம். சயின்ஸுன்னா ட்யூஷன் வைக்கணும், அதுக்கு நான் எங்க போவேன்?" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கு. ஓவர்டைம் பார்த்து அனுப்புகிற காசு அது. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, ஒண்ணும் பேசாமல் எழுந்து போயிருச்சு.

நானும் பத்தாவதோடு நின்றவன்தான். ஆனாலும் சாயங்காலம் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னேன். வளிமண்டல அழுத்தம் என்றால் என்ன என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறாள், ஒரு எழுத்துப் பிசகலை. "அந்தக் காத்து இப்போ எங்க தாயி இருக்கு?" என்று கேட்டேன். நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தாள்.

சரி, இது உட்கார்ந்து படிக்கிற சங்கதி இல்லை என்று மறுநாள் காட்டுக்குக் கூட்டிப்போனேன். (எங்க பக்கம் தோட்டம், மானாவாரி நிலம் எல்லாத்தையும் காடு என்றுதான் சொல்வோம். புலி சிங்கம் கிடையாது.) ஒரு கடலைச் செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினேன். "சீக்கு விழுந்துருச்சா பெரியப்பா, கட்டி கட்டியா இருக்கு?" என்றாள். சீக்கு இல்லை. நூற்புழு விழுந்தால் வேரே வீங்கிப் புடைத்துப் போகும், உரித்தாலும் வராது. இந்த முண்டு விரலால் தட்டினாலே உதிரும். ஒன்றை நகத்தால் கீறச் சொன்னேன். உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினுக்கு ஒன்றுவிட்ட சொந்தம் அது, பெயர் லெக்ஹீமோகுளோபின். அந்த நிறம் இருந்தால் உள்ளே ரைசோபியம் வேலை செய்கிறது என்று அர்த்தம். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தாலும் செடியால் அதை நேராக எடுக்க முடியாது. இந்த நுண்ணுயிர்தான் பிடித்துக் கொடுக்கிறது. யூரியா மூட்டை 45 கிலோ, அதில் 46 சதவீதம் நைட்ரஜன், அப்போ எத்தனை கிலோ என்று கேட்டேன். மனக்கணக்கில் 20.7 என்றாள். கணக்கில் கெட்டிக்காரி, அதில் குறையில்லை. "இதைத்தான் மார்க்குக்குப் படிச்சேனா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்து கிணறு. அதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும்.

எங்க தாத்தா காலத்துக் கிணறு, அறுபது அடி. கல் படி உண்டு. இறங்கும்போதே பக்கச் சுவரில் மண்ணும் பாறையும் வரிசையாகத் தெரியும். மேலே செம்மண், அதுக்குக் கீழே சரளை, அப்புறம் கையால் நொறுக்கக்கூடிய உதிரிப்பாறை, கடைசியில் கரும்பாறை. கரும்பாறைதான் வெயிலிலும் மழையிலும் காலகாலமாக நொறுங்கி மேலே செம்மண்ணாக ஆகியிருக்கு. இது சமூக அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது, கிணற்றுத் தண்ணியும் காற்றும் அறிவியல் புத்தகத்தில். யார் பாகம் பிரித்தார்களோ தெரியவில்லை. தண்ணி எங்கிருந்து வருது என்று கேட்டாள். பாறையில் இருக்கிற வெடிப்பைக் காட்டினேன், ஈரம் கசிந்துகொண்டிருந்தது. பூமிக்குள் ஆறு ஓடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். எங்கள் மாதிரி பாறை பூமியில் இந்த வெடிப்புகளில் தங்கியதுதான் தண்ணி, அதுவும் எப்போதோ பெய்த மழைதான்.

சுவரில் பதினைந்து அடிக்கு ஒன்றாக மூன்று திண்டு இருக்கும். மோட்டார் வைத்த இடங்கள். தண்ணி கீழே போகப் போக, சங்கிலி கட்டி மோட்டாரை அடுத்த திண்டுக்கு இறக்குவார்கள். என் சின்ன வயதில் அது ஊரே கூடுகிற வேலை. "மேலயே வச்சுட்டு நீளமா பைப் போட்ருக்கலாம்ல பெரியப்பா?" என்றாள். நல்ல கேள்வி. அந்த மோட்டார் இருபது, இருபத்தஞ்சு அடிக்கு மேல் உறிஞ்சாது. ஏன்னா மோட்டார் தண்ணியை இழுப்பதே இல்லை. குழாய்க்குள் இருக்கிற அழுத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். வெளியே இருக்கிற காற்று கிணற்றுத் தண்ணியை அழுத்தி மேலே ஏற்றுகிறது. காற்றுக்கு இருக்கிற பலம் எவ்வளவோ, அவ்வளவு உயரம்தான் ஏறும். இப்போ போர்வெல்லில் போடுகிற சப்மெர்சிபிள் தண்ணிக்குள்ளேயே உட்கார்ந்து மேலே தள்ளுகிறது. அதனால்தான் அறுநூறு அடியிலிருந்தும் வருது.

நம்பாத மாதிரி பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்த கொத்தனாரிடம் ஐம்பது அடி மட்டக்குழாய் வாங்கி வந்தேன், உள்ளே இருப்பது தெரிகிற தடிமனான குழாய். ஒவ்வொரு அடிக்கும் டேப் ஒட்டினாள். தொட்டியில் முக்கிக் காற்றில்லாமல் நிரப்பி, ரெண்டு முனையையும் மடக்கிக் கம்பி கட்டினோம். தண்ணி நாற்பத்தஞ்சு அடியில் கிடந்தது. நான் இறங்கி ஒரு முனையைத் தண்ணிக்குள்ளேயே வைத்துக் கட்டை அவிழ்த்தேன். மேலே அவளும் பெரியம்மாவும் மறு முனையைக் கயிற்றில் கட்டிக் கப்பி வழியாக இழுத்தார்கள். இருபது அடி வரை குழாய் நிறையத் தண்ணி. முப்பது வரையும் அப்படித்தான். அப்புறம் குழாய் மட்டும் மேலே போகுது, தண்ணி கூடப் போகல! உள்ளே குமிழ் குமிழாகக் கொதிக்கிற மாதிரி வந்தது. "நின்னுருச்சு பெரியப்பா, நின்னுருச்சு!" என்று கத்தினாள். பக்கத்துக் காட்டில் ஆடு மேய்த்தவர் யாரோ கிணற்றில் விழுந்துட்டாங்க என்று ஓடிவந்தார்.

டேப்பை எண்ணினால் முப்பத்தொன்றரை அடி. புத்தகத்தில் பாதரசம் 76 செ.மீ. நிற்கும் என்று இருக்கு. பாதரசம் தண்ணியைப் போல 13.6 மடங்கு கனம். பெருக்கினால் பத்து மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அதாவது 34 அடி கிட்ட வரணும். மிச்சம் ரெண்டரை அடி எங்கே போச்சு? 34 என்பது கடல்மட்டக் கணக்கு, எங்க ஊர் அதைவிட மேடு. அப்புறம் குழாயின் மேலே காலியான இடத்தில் தண்ணியின் ஆவியும், தண்ணியிலிருந்து பிரிந்த காற்றும் நிறைந்து கொஞ்சம் கீழே தள்ளும். இத்தாலியில் 1640களில் டாரிசெல்லி பாதரசத்தை வைத்துப் பார்த்ததும் இதைத்தான். உறிஞ்சு பம்பில் தண்ணி ஒரு அளவுக்கு மேல் ஏறாது என்பது அவருக்கு முன்னாலேயே அங்கே தெரிந்த விஷயம், கலிலியோவே எழுதியிருக்கிறார். கிணறு வெட்டுகிறவனுக்கு எந்த நாட்டிலும் ஒரே தலைவலிதான் போல.

நான் பெருமையாகக் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவள் வரப்பு ஓரத்துத் தென்னையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். "பெரியப்பா, அந்த மரம் அறுபது அடி இருக்கும்ல?"

"இருக்கும்."

"காத்து முப்பத்தொண்ணரை அடிதான தள்ளுச்சு? அப்ப இளநிக்குத் தண்ணி எப்படிப் போச்சு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருஷமாக அந்த மரத்தில் காய் வெட்டுகிறேன். பதிலை நான் சொல்லவில்லை. அவளே பக்கத்து வீட்டுப் பையனிடம் பத்தாவது புத்தகம் வாங்கி வந்து ராத்திரி தேடினாள். நீராவிப்போக்கு. மட்டையில் வெயில் பட்டுத் தண்ணி ஆவியாகப் போகப் போக, அடியில் இருக்கிற தண்ணியை அது இழுக்குது. சைலம் என்கிற குழாய்கள் ரொம்ப மெல்லிசு. அதுக்குள் தண்ணி மூலக்கூறு ஒன்றை ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டு வடம் மாதிரி ஏறுகிறது. "நம்ம ட்யூப்ல குமிழ் வந்து வடம் அந்துபோச்சு, மரத்துல அறுகல" என்று பெரியம்மாவுக்கு விளக்கம் வேறு. பெரியம்மா தோசைக் கரண்டியோடு நின்று கேட்டாள்.

தம்பி போன வாரம் மறுபடி கூப்பிட்டான். குரூப் பேச்சை எடுத்தான். "அவ இப்பவே பத்தாவது புத்தகத்தைப் பிரிச்சு வச்சிருக்கா, நீ பேசாம இருடா, ட்யூஷன் செலவை அப்புறம் பாப்போம்" என்றேன். ஏப்ரலில் முழுப்பரீட்சை. 38 என்னவாகும் என்று இப்போதே சொல்ல நான் ஜோசியக்காரன் இல்லை.

கொத்தனார் மட்டக்குழாயைக் கேட்டு மூணு தடவை ஆள் அனுப்பிட்டார். இவள் தரமாட்டேன் என்கிறாள். கொடைக்கானலில் வைத்தால் தண்ணி இன்னும் கீழேயே நிற்கணும், எத்தனை அடி என்று பார்க்கணுமாம். அங்கே முப்பது அடி உயரத்துக்கு மொட்டை மாடியோ தண்ணித் தொட்டியோ உள்ள வீடு யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். பச்சைக் கடலை ஒரு பை கொண்டு வருகிறோம்.