பனிமலைப் பள்ளத்தாக்கில் மூன்று இரவுகள்



சுவிட்சர்லாந்துக்குப் போகக் கிடைத்த எவரும் முதலில் கேட்பது, "அங்கே எதையெல்லாம் பார்க்கலாம்?" என்பதுதான். உங்கள் கையில் இருப்பது மூன்று இரவுகள் மட்டுமே என்றால், அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. எங்கே தங்குவது? எதில் போவது? இவ்விரண்டையும் வீட்டிலிருந்தே தீர்த்துக்கொண்டவர்களுக்கு மலை தானாகவே கண்முன் வந்து நிற்கும். தீர்க்காமல் போனவர்களுக்கு மூன்று நாளில் ஒன்றரை நாள் பெட்டி தூக்குவதிலும் வண்டி மாறுவதிலும் கழிந்துவிடும்.

இன்று நம்மவர்களில் பலருக்கு ஐரோப்பாவில் ஒரு பிள்ளையோ சகோதரனோ இருக்கின்றார். அவர்களைக் காணச் செல்லும் உம்மா வாப்பாமார், திரும்புவதற்குள் பனிமலையை ஒரு தடவை பார்த்துவிட ஆசைப்படுவது இயல்பு. இரண்டாம் தடவை போகக் கிடைக்குமா என்பதை யார் அறிவார்? செலவும் சிறிதல்ல. ஆகவே குடும்பத்தின் மிக மூத்தவரையும் மிக இளையவரையும் மனதில் வைத்தே இதை எழுதுகின்றேன். ஒரு ஜூலை மாதம் சூரிச்சில் தொழில் பார்க்கும் மச்சானிடம் நாங்கள் போனபோது அந்த இருவரும் எங்களுடன் இருந்தார்கள். மாமிக்கு வயது அறுபத்தெட்டு, முழங்கால் வருத்தம், இருதயத்துக்கு வைத்தியம் செய்தவர். இளைய மகளுக்கு வயது ஐந்து.

நான் எடுத்துக்கொள்ளும் இடம் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு. பேர்ண் மாநிலத்தின் தெற்கே, யுங்பிராவ் என்ற பனிமலையின் அடிவாரத்தில் இருக்கின்றது. 'தெளிந்த நீரூற்றுகள்' என்று பொருள்படும் பெயர். இருபுறமும் சுவர் எழுப்பியது போன்ற செங்குத்தான பாறைகள். அவற்றிலிருந்து 72 நீர்வீழ்ச்சிகள் விழுவதாகக் கணக்குச் சொல்வார்கள். ஊரின் தலைக்கு மேலேயே விழும் ஸ்டவுப்பாக் நீர்வீழ்ச்சி ஏறத்தாழ 300 மீற்றர் உயரமானது. பாதி வழியிலேயே நீர் புகையாகிக் காற்றில் அலையும். ஜேர்மன் கவிஞர் கெதே 1779இல் இதைக் கண்டே ஒரு கவிதை எழுதினார்.

பள்ளத்தாக்கின் தரை சுமார் 800 மீற்றர் உயரத்தில் உள்ளது. கிழக்குப் பாறையின் மேலுள்ள மேடையில் 1,274 மீற்றரில் வெங்கன் கிராமம். எதிரே மேற்குப் பாறையின் மேல் 1,638 மீற்றரில் மியூரன் கிராமம். இந்த உயரங்களைக் கேட்டு நீங்கள் பயப்படத் தேவையில்லை. நமது நுவரெலியா நகரம் மியூரனை விட உயரமானது. பள்ளத்தாக்குக்கு வெளியே, இரண்டு ஏரிகளுக்கு நடுவில் இருப்பது இன்டர்லாக்கன் நகரம். ஆக, தங்குவதற்கு நான்கு இடங்கள்.

பெரும்பாலானோர் பெயர் தெரிந்த காரணத்தால் இன்டர்லாக்கனில் அறை எடுத்துவிடுகின்றார்கள். அதில் நன்மை இல்லாமலில்லை. வளைகுடா நாடுகளிலிருந்து வரும் அரபுக் குடும்பங்கள் அங்கு ஏராளம்; எனவே ஹலால் சாப்பாட்டுக்கு வழியுண்டு. மழை பெய்தால் ஏரிக் கப்பலில் ஏறலாம். ஆனால் அது ஒரு நகரம். காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர் ஹோட்டலின் சுவரே தெரியவும் கூடும். தினமும் இருபது நிமிடம் புகையிரதத்தில் வந்த பிறகுதான் பள்ளத்தாக்கே தொடங்குகின்றது. ஒரு வாரம் இருப்பவருக்கு அது பெரிய விடயமல்ல. மூன்று நாள் இருப்பவருக்கு அது நட்டம்.

லவுட்டர்புருன்னன் கிராமம் சந்தியைப் போன்றது. எல்லாப் பக்கத்துக்கும் வண்டிகள் அங்கிருந்தே புறப்படும். கடைகளும் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கின்றன. குறை என்னவென்றால் வெயில். பாறைச் சுவர்களுக்கு நடுவே இருப்பதால் காலையில் தாமதமாக வந்து மாலையில் நேரத்தோடு போய்விடும். மாரியில் சில மணித்தியாலங்கள்தாம் வெயில் கிடைக்கும். (சூரியன் பாறைக்குப் பின்னால் மறைந்ததும் மஃரிப் வந்துவிட்டதென எண்ணிவிடாதீர்கள். ஜூலையில் அதற்குப் பிறகும் நெடுநேரம் இருக்கின்றது. நேர அட்டவணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.) பகல் முழுதும் படம் எடுக்க வருவோரின் நெரிசல் வேறு.

மேலேயுள்ள இரண்டு கிராமங்களிலும் அமைதி அதிகம். மோட்டார் வாகனங்கள் இல்லாத ஊர்கள் அவை. மியூரனின் அழகை ஒருபடி மேலாகவே சொல்வேன். ஆயினும் அங்கே செல்லக் கேபிள் காரில் கிரூட்ச்அல்ப் வரை ஏறி, பின்னர் சிறு புகையிரதத்துக்கு மாற வேண்டும். இல்லையேல் பள்ளத்தாக்கின் உட்கோடியில் ஸ்டெகெல்பெர்க் என்ற இடத்திலிருந்து வேறொரு கேபிள் காரில் ஏற வேண்டும். முதல் வழியில் வருபவர் ஊரின் ஒரு தலைப்பில் இறங்குவார், இரண்டாம் வழியில் வருபவர் மறு தலைப்பில். நீங்கள் தங்கும் வீடு எந்தத் தலைப்பில் இருக்கின்றதென்று முன்னரே கேட்டுக்கொள்ளாவிட்டால் ஊரின் நீளம் முழுதும் பெட்டியை இழுக்க வேண்டியதுதான்.

வெங்கனுக்கு ஒரே மாற்றம். லவுட்டர்புருன்னனில் இறங்கி அதே நிலையத்தில் பற்சக்கரப் புகையிரதத்தில் ஏறினால் பதினான்கு நிமிடம். 1893இல் திறக்கப்பட்ட பாதை அது. ஊர் மேற்கு நோக்கிய மேடையில் இருப்பதால் மாலை வெயில் நெடுநேரம் தங்கும். யுங்பிராவ் மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்பது போன்ற தோற்றம். ஹோட்டல்காரர்கள் மின்கல வண்டி அனுப்பிப் பெட்டிகளை எடுத்துப் போவதும் உண்டு. மாமியை வைத்துக் கணக்குப் பார்த்தபோது எங்களுக்கு வெங்கனே சரியாக வந்தது. நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடைக்குள், ஏற்றமில்லாத வழியில், மலையைப் பார்த்த பலகணியுடன் உள்ள வீடு. இவ்வளவுதான் நாங்கள் கேட்டது. நீங்களும் கேளுங்கள், குறிப்பாக "ஏற்றமில்லாத" என்பதை. வரைபடத்தில் 300 மீற்றர் என்று காட்டுவது அங்கே படிக்கட்டாகவும் இருக்கலாம்.

ஹோட்டலா, சமையலறையுள்ள வீடா? நமக்கு இது ருசியைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல. மயக்கமூட்டாமல் பிராணிகளை அறுப்பதை 1893ஆம் ஆண்டின் மக்கள் வாக்கெடுப்பில் சுவிட்சர்லாந்து தடை செய்தது. இன்றும் தடை நீடிக்கின்றது. ஹலால் இறைச்சி வெளிநாட்டிலிருந்து வருவிக்கப்பட்டு நகரங்களில் விற்கப்படுகின்றது. மலைக் கிராமத்தில் அதைத் தேடி அலைய முடியாது. சமையலறை இருந்தால் கவலையில்லை. முட்டை, மீன், பால், பாண், மரக்கறி எல்லாம் வெங்கனிலுள்ள கடையிலேயே கிடைக்கும். அரிசி மாவும் கறித்தூளும் வேண்டுமானால் பேர்ண், சூரிச் நகரங்களில் நம் நாட்டுத் தமிழர் நடத்தும் கடைகள் இருக்கின்றன. வரும் வழியில் வாங்கிக்கொள்ளலாம். பொதுச் சமையலறையாக இருந்தால் ஒரு சிறு சட்டியையும் அகப்பையையும் சொந்தமாகக் கொண்டு போங்கள். கழிவறையில் தண்ணீர்க் குழாய் இராது. ஒரு வெற்றுப் போத்தலையும் மறவாதீர்கள்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பல வீடுகளைச் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை முழு வாரத்துக்கே வாடகைக்கு விடுகின்றார்கள். மூன்று இரவுக்குத் தருவோரைத் தேட வேண்டும். அப்படித் தருவோரும் துப்புரவுக் கட்டணமென்று ஒரு தொகையைச் சேர்ப்பார்கள். ஆளுக்கு ஓரிரவுக்கு இவ்வளவென்று ஊராட்சிக்குச் செலுத்தும் வரியும் வரும். ஆகவே அறை வாடகையை மட்டும் பார்த்து, "இது மலிவு" என்று முடிவு செய்ய வேண்டாம். எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பள்ளத்தாக்கின் அடியிலுள்ள முகாம் மைதானங்களில் சமையல் வசதியுடன் சிறு மரவீடுகளும் கிடைக்கின்றன. இளைஞர்களுக்கு நல்லது. மாமிமாருக்குச் சொல்லமாட்டேன். ஏப்ரல், மே மாதங்களிலும் ஒக்டோபர் பிற்பகுதிக்குப் பிறகும் மேலூர்களின் பல விடுதிகள் மூடியிருக்கும். கேபிள் கார்களையும் திருத்த வேலைக்காக நிறுத்துவார்கள்.

தங்குமிடத்தை முதலில் தீர்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் விசா. நமது கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா தேவை. விண்ணப்பத்துடன் எங்கே தங்குகின்றோம் என்பதற்கான அத்தாட்சியும், 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்தியக் காப்புறுதியும் கேட்பார்கள். எனவே பணம் திருப்பித் தரும் நிபந்தனையுள்ள அறையாகப் பார்த்துப் பதிவு செய்வது புத்தி.

இனி வாகனம். மச்சான் முதல் நாளே, "ஒரு கார் எடுத்தா நெனச்ச நேரம் போகலாம், மச்சான். உம்மாவுக்கும் லேசு" என்றார். நியாயமான பேச்சுத்தான். ஆனால் கார் எதுவரை போகும்? வெங்கனுக்கும் மியூரனுக்கும் போகாது. லவுட்டர்புருன்னன் நிலையத்துக் கார்த் தரிப்பிடத்தில் காசு கொடுத்து நிறுத்திவிட்டுப் புகையிரதத்தில்தான் ஏற வேண்டும். மூன்று நாள் வாடகையும் கொடுத்து, மூன்று நாள் தரிப்பிடக் கட்டணமும் கொடுத்து, காரைச் சும்மா வைத்திருப்பதற்கு எதற்குக் கார்? நம் நாட்டிலிருந்து போய்த் தாமே ஓட்ட நினைப்பவர்கள், அங்கே வலப்பக்கத்தால் ஓட்ட வேண்டும் என்பதையும், நெடுஞ்சாலைக்கு 40 பிராங்க் கட்டணம் உண்டு என்பதையும் கவனிக்கவும். காரில் வந்து போகும் கூட்டத்தைத் தாங்காமல், அவர்களிடம் நுழைவுக் கட்டணம் அறவிடலாமா என்று 2024இல் லவுட்டர்புருன்னன் ஊராட்சியே ஆலோசித்தது.

புகையிரதம் சூரிச் விமான நிலையத்துக்குள்ளேயே நிற்கின்றது. பேர்ண் வழியாக இன்டர்லாக்கன் கிழக்கு நிலையத்துக்குச் சுமார் இரண்டே கால் மணித்தியாலம். அங்கிருந்து லவுட்டர்புருன்னனுக்கு இருபது நிமிடம். இந்தக் கடைசித் துண்டில் ஒரு விடயத்தைக் கட்டாயம் கவனியுங்கள். வண்டி ஸ்வைலூட்சினன் என்ற இடத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லவுட்டர்புருன்னனுக்கும் மறு பாதி கிரின்டல்வால்டுக்கும் போகும். பிள்ளைகள் ஒரு பெட்டியிலும் பெரியவர்கள் ஒரு பெட்டியிலும் ஏறிவிட்டால் இரண்டு பள்ளத்தாக்குகளில் இறங்க நேரும்! பெட்டியின் மேல் எழுதியிருக்கும் ஊரின் பெயரை வாசித்து, எல்லோரும் ஒன்றாக ஏறுங்கள்.

டிக்கட் விடயத்தில் இரண்டு வழிகள் உள்ளன. வெளிநாட்டவருக்கான சுவிஸ் பிரயாணப் பாஸ் 3, 4, 6, 8, 15 நாட்களுக்குக் கிடைக்கின்றது. புகையிரதம், பஸ், ஏரிக் கப்பல் எல்லாம் அதில் அடங்கும். வெங்கன், மியூரன் வரையும் அது செல்லும். பெற்றோரில் ஒருவர் பாஸ் எடுத்தால் 6 முதல் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் குடும்ப அட்டை இலவசம். கேட்டு வாங்க வேண்டும். ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு டிக்கட்டே தேவையில்லை. ஆனால் யுங்பிராவ் உச்சிப் பாதைக்கு, வெங்கனுக்கு மேல், இந்தப் பாஸில் கால்வாசிதான் கழிவு. அரைக்கட்டண அட்டை என்ற மற்ற வகையில் அதே பாதைக்குப் பாதிக் கட்டணம். எனவே உச்சிக்குப் போவோர் பலராயின் இரண்டாவதையும், கீழேயே சுற்றித் திரிவோர் பலராயின் முதலாவதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்களில் மாமியும் மனைவியும் நானும் முதல் வகை. அங்கேயே வாழும் மச்சானிடம் அரைக்கட்டண அட்டை ஏற்கனவே இருந்தது.

உச்சி நிலையம் யுங்பிராவ்யோக் 3,454 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. மலையைக் குடைந்து 1896இல் தொடங்கிய வேலை, 1912இல் முடிந்தது. அங்கே காற்று மெலிது. மாமியின் டொக்டர் போக வேண்டாமென்று கொழும்பிலேயே சொல்லிவிட்டார். டிக்கட்டின் விலையும் கூட. முகில் மூடியிருக்கும் நாளில் போனால் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள். எனவே மூன்று நாளில் எந்த நாள் என்பதை ஊரிலிருந்தே முடிவு செய்யாதீர்கள். மலை மேலுள்ள கமராக்களின் படத்தை விடுதித் தொலைக்காட்சியிலேயே காலையில் காட்டுவார்கள், பார்த்துவிட்டுப் புறப்படலாம். எங்களுக்கு இரண்டாம் நாள் வானம் திறந்தது. மச்சானும் மூத்த மகனும் முதல் வண்டியிலேயே போய்விட்டார்கள்.

மாமி பலகணியில் கதிரையைப் போட்டு அமர்ந்தார். நேர் எதிரே அந்த மலை. பத்து மணியளவில் எங்கோ பனிப்பாளம் சரிந்து இடி முழக்கம் போல் ஓசை கேட்டது. வெண்புழுதி ஓடையாக இறங்குவதைச் சின்னவள் அவரது மடியிலிருந்து பார்த்தாள். "நாங்களும் கிளைனே ஷைடெக் வரைக்கும் போவோமா மாமி? அது 2,061 மீற்றர்தான்" என்று கேட்டேன். "எனக்குத் தேவல்ல மகன். மேல போனவங்களுக்கு அந்த மலைட உச்சிதான் தெரியும். எனக்கு முழு மலையும் தெரியுது" என்றார். அன்று அஸர் வரை அவர் அந்தக் கதிரையை விட்டு அதிகம் எழும்பவில்லை.

மூன்றாம் நாள் பஸ்ஸில் ட்ரூமெல்பாக் போனோம். மூன்று மலைகளின் பனியுருகிய நீர் பாறைக்குள்ளேயே பத்து வீழ்ச்சிகளாகக் கொட்டுமிடம். வினாடிக்கு 20,000 லீற்றர் வரை பாயும். பாதி உயரத்துக்கு மலைக்குள் லிப்ட் இருக்கின்றது. அதன் பிறகு ஈரமான படிகள். நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை உள்ளே விடுவதில்லை. முழங்கால் வருத்தமுள்ளவர்கள் வாசலிலுள்ள வாங்கிலேயே இருந்துகொள்ளலாம். மாமி அப்படித்தான் செய்தார்.

திரும்பும் நாளில் வெங்கனிலிருந்து சூரிச் விமான நிலையத்துக்கு, மாறும் நேரங்களையும் சேர்த்து, மூன்றரை மணித்தியாலங்களை ஒதுக்குங்கள். விமானம் மாலையிலாயின் காலை ஆகாரத்தை ஆறுதலாக முடித்துவிட்டுப் புறப்படலாம். அதிகாலை விமானமாயின் கடைசி இரவைச் சூரிச்சில்தான் கழிக்க வேண்டியிருக்கும். அப்போது பள்ளத்தாக்கில் உங்களுக்குக் கிடைப்பது மூன்று இரவுகளல்ல, இரண்டுதான். விமான டிக்கட் எடுக்கும்போதே இதைக் கவனியுங்கள்.